செதில் உதிராத மீன்கள்

ஜபீன், உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கண்ணை மூடினால் சாயங்காலம் பார்த்தது அப்படியே வந்து நிற்கிறது. நீல பேசினில், அண்ணன் ஏரியில் பிடித்துவந்த புள்ளி மீன்கள் சுற்றுகின்றன. டியூப்லைட் வெளிச்சம் அவற்றின் முதுகில் வழுக்குகிறது. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் சென்னைக்காரர்களுக்காக எபினேசர் அண்ணன் ஒவ்வொன்றையும் தண்ணீரோடு கவரில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றுகிறான். வலையில் சிக்கிய மீனுக்கு நாலு செதிலாவது உதிர்ந்திருக்கும். இவற்றில் ஒன்றுகூட உதிரவில்லை. "வலையிலயாண்ணா புடிச்ச?" என்கிறேன். "பின்ன, வாயால கவ்விக்கினா வந்தேன்? போய் படி." கும்மிடிப்பூண்டியில் முலாம் பூசும் கம்பெனியில் அவனுக்கு வேலை. அங்கிருக்கும் விஷத்தைத் தண்ணீரில் கலந்தால் மீன் மயங்கிக் கைக்கு வரும் என்று பள்ளியில் பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் அவன் விரல்களையே பார்க்கிறேன். ஒரு மீன் மெல்ல மல்லாந்து மிதக்கிறது. அம்மா குனிந்து அதை எடுக்கப் போகிறாள். "தொடாதம்மா!" அண்ணன் கத்துகிறான். "இன்னாத்துக்குடா கத்துற? நேத்து செத்த ரெண்டையும் கொழம்புதான் வெச்சேன். எனக்கு உபவாசம். உன் தங்கச்சிதான் சட்டியோட வழிச்சித் துன்னா." அண்ணன் கை அந்தரத்தில் நிற்கிறது. கவரிலிருந்து தண்ணீர் அவன் மடியில் ஒழுகுகிறது. "ஏஞ்சலின், வயிறு ஏதாச்சும் பண்ணுதாம்மா?" என்கிறான். எருமை, கழுதை என்றே என்னைக் கூப்பிடுகிறவன், அவ்வளவு மெதுவாகக் கேட்கிறான்.