மாமா வர்ற வரைக்கும்

“இந்த வீட்ல இன்னும் ஒரு நிமிஷம்கூட என்னால இருக்க முடியாது!”

விடிந்தும் விடியாததுமாக அக்கா போட்ட சத்தத்தில் தம்பியின் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

அப்பா பிறந்த ஊர். கடல் தாண்டிப் போன குடும்பத்திலிருந்து முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் ரெண்டு பேர் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். வந்து முழுசாக மூணு நாள் ஆகவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டாள் மகாராணி!

அத்தை பதறியடித்துக்கொண்டு வந்தாள். “என்னம்மா? ராத்திரி கொசு கடிச்சுதா?”

“கொசு, புழுக்கம், தகரக் கூரை, தெருவுக்கே ஒரு பாத்ரூம்! எதைன்னு சொல்றது? இதெல்லாம் மனுஷங்க இருக்கிற இடமா?”

தம்பிக்கு மானமே போனது. வீடு என்று பார்த்தால் ஒரே ஒரு அறை, ஒரு சமையல் மூலை. அந்த அறையைத்தான் இவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். தம்பிக்குக் கட்டில், அக்காவுக்கு மெத்தை, புதுசாக ஒரு மேசை விசிறி. அத்தையும் மகனும் மருமகளும் அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டுகொள்கிறார்கள். இல்லாத வீட்டில் இவ்வளவு பாசமா என்று அவன் உருகிப் போயிருந்தான்.

மாமா மட்டும்தான் இல்லை. “மக வீட்டுக்குப் போயிருக்கார்ப்பா, எப்ப வருவாரோ” என்று அத்தை முதல் நாளே சொல்லியிருந்தாள்.

“மச்சானைப் பார்த்துட்டு வாடான்னு அப்பா சாகும்போது சொன்னார் அத்தை. மாமா வர்ற வரைக்கும் நான் இங்கதான்!” என்று சொல்லி, டிக்கெட்டைக்கூட பத்து நாள் தள்ளிப் போட்டுவிட்டான்.

“அக்கா, மெல்லப் பேசு...”

“எதுக்கு மெல்ல? ஓட்டல்ல ரூம் போட்டாச்சு. பெட்டியை எடுடா!”

அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம்மா. அண்ணன் பிள்ளைங்க ஓட்டல்ல தங்கினா ஊர் என்னைக் காறித் துப்பாதா? இன்னொரு ஃபேன் வாங்கிட்டு வரச் சொல்றேன்.”

“இன்னொரு ஃபேன் வச்சா இது அரண்மனை ஆயிடுமா?”

அத்தை கையை விட்டுவிட்டாள்.

அத்தை மகன் வீட்டுக்குப் பின்னாலேயே வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். அதுவரை வாயே திறக்காதவன், விறுவிறுவென்று பெட்டிகளைத் தூக்கி வாசலில் வைத்தான். “விடும்மா. நாலு காசு வந்தா எல்லாரும் இப்படித்தான்.”

டாக்ஸி தெரு முனை திரும்பியதும் தம்பி வெடித்தான்.

“உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா? அப்பா இருந்திருந்தா உன்னைச் செருப்பாலேயே அடிச்சிருப்பார்! வண்டியை நிறுத்தச் சொல்லு. நான் திரும்பிப் போறேன். மாமாவைப் பார்க்காம இந்த ஊரை விட்டுக் கிளம்ப மாட்டேன்!”

“நான் பார்த்துட்டேன்டா.”

“யாரை?”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மாமாவை. காலையில முகம் கழுவப் பின்னாடி போனேன். பட்டறைக்குள்ள இருமல் சத்தம். எட்டிப் பார்த்தா, இரும்புக் கம்பிங்களுக்கு நடுவுல அட்டைப் பெட்டியை விரிச்சுப் படுத்திருக்கார். ரெண்டு வருஷமா இடுப்புக்குக் கீழ அசைவே இல்லையாம். ‘தம்பிகிட்ட சொல்லிடாதம்மா, ஆசையா வந்திருக்கான், இருந்துட்டுப் போகட்டும்’னு என்னைக் கையெடுத்துக் கும்பிடுறார். நீ மூணு நாளா காலை நீட்டிப் படுத்தியே, அது அவர் கட்டில்.”

தம்பி பின்கண்ணாடி வழியாகத் தெரு முனையைத் திரும்பிப் பார்த்தான்.

“இதை அங்கேயே... நல்ல விதமா சொல்லியிருக்கலாமேக்கா?”

“நல்ல விதமா சொன்னா நம்மளை விடுவாங்களா? ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீங்க இருங்க’ன்னு அந்த மனுஷனை அங்கேயே போட்டு வச்சிருப்பாங்க. இப்ப பாரு, ‘திமிர் பிடிச்சவ, ஒழிஞ்சா’ன்னு என்னைத் திட்டிக்கிட்டே, இந்நேரம் அவரைத் தூக்கிட்டு வந்து கட்டில்ல படுக்க வச்சிருப்பாங்க.”