கறை படிந்த காந்தம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் எல்லாம் இல்லை, போன மழைக்கு முந்தின மழையில் நடந்தது. ஒரு வேதியியல் கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையும், அதற்குள் சுற்றிச் சுற்றிக் கலக்கும் ஒரு பழைய காந்தமும் இருந்தன.

ஒருநாள், உலோகத்தின் துணை இல்லாமல் ஒட்டவே ஒட்டாத இரண்டு மூலக்கூறுகள் குடுவைக்குள் ஒட்டிக்கொண்டன.

"பார்த்தியா! எந்த உலோகமும் போடாம நானே சேர்த்துவச்சேன். இனிமே ஆய்விதழ்ல என் படம்தான்" என்றது குடுவை.

"அண்ணே, என் மேல பழைய வேலையில ஒட்டின பல்லேடிய உலோகக் கறை இருக்கு. சேர்த்துவச்சது அது" என்றது காந்தம்.

"அழுக்குக்கு வந்த பெருமையைப் பாரு!"

மறுநாள் ஆய்வாளர் பூங்கோதை அந்தக் கறையைப் பார்த்து முகம் சுளித்தாள். காந்தத்தைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுப் புதியது ஒன்றைப் போட்டாள். நாள் முழுக்கக் காய்ச்சியும் மூலக்கூறுகள் ஆளுக்கொரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

"நேத்து சேர்ந்துச்சே, இன்னைக்கு என்ன வந்தது?" என்று குடுவையிடமே கேட்டாள்.

கூடைக்குள்ளிருந்து காந்தம் கெஞ்சியது. "சொல்லிடுங்கண்ணே, ரெண்டு பேருமே பிழைச்சுக்குவோம்."

குடுவை தொண்டையைச் செருமிக்கொண்டது. "புதுப்பய சரியாச் சுத்தலைங்கம்மா."

"அப்போ நாளைக்கு வேற புதுசு போடுறேன்" என்ற பூங்கோதை, குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.