வழித்த இடம்

எனக்கும் பக்கத்து வீட்டு ஈவ்லினுக்கும் குறைமாதத்தில் ஆண் குழந்தைகள் பிறந்தன. சேலம் ஆஸ்பத்திரியில் இரண்டும் அடுத்தடுத்த கண்ணாடிப் பெட்டிகளில் கிடந்தன. ஏதோ அபூர்வக் கிருமி என் மகனின் ரத்தத்தில் மட்டும் கலந்தது. இடது காதுக்கு மேல் முடியை வழித்து, ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். அவன் பிழைக்கவில்லை. ஈவ்லின் பிள்ளையோடு எங்கள் ஊர் நாகலூருக்குத் திரும்பினாள். அது அழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

இன்று காலை அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“ஏனுங்க தஸ்லீமாக்கா, இவனுக்குத் தலையில ஊசியே போடலைங்களே. நேத்து முடி இருந்துச்சுங்க. இப்பப் பாருங்க!”

இடது காதுக்கு மேல் முடி வழித்திருந்தது. நடுவே ஊசித் தடம்.

வீறிட்டு அழுதவனை வாங்கி மார்பில் சாய்த்தேன். அழுகை நின்றது.

“என் புள்ளையக் குடுங்கக்கா.”

அவன் என் சேலையை விடவில்லை. நிமிர்ந்தேன். இத்தனை நாளும் என் கண்ணாடியில் நான் பார்த்த, பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முகம் இப்போது ஈவ்லினிடம் இருந்தது.