வழுக்கிய பிரடை

தர்மாம்பாளின் வீணையில் தந்தியை முறுக்கிப் பிடிக்கும் பிரடை ஒன்று இருந்தது. அவள் காலமான பிறகு, அவள் கணவர் சுருதி கூட்ட உட்காரும்போதெல்லாம் அது வழுக்கியது. சாக்பீஸ் தூள் தடவியும் மசியவில்லை.

"ஏண்டா கிழவா, வேணும்னேதானே நழுவுற?" என்றது தந்தி.

"அவங்க கையால கட்டின கடைசித் தந்தி நீ. இழுத்தா அறுந்துடுவே" என்றது பிரடை.

"அவங்க திருகினப்போ நீ பயந்ததே இல்லையே!"

பிரடைக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. விரலில் இருக்கும் எண்ணெயை முந்தானையில் துடைத்துவிட்டு, திருகும்போதே மெல்ல உள்ளே அழுத்துவாள்.

"அவங்களுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியும்" என்றது.

"நாளைக்கும் நீ வழுக்கினா, உறை போட்டுப் பரண்ல ஏத்திடப் போறாராம். அங்க துருவே என்னைத் தின்னுடும். பிடிடா!"

மறுநாள் அவர் திருகினார். அவருக்கு அழுத்தத் தெரியவில்லை. பிரடை தானாகவே துளையை இறுகப் பற்றிக்கொண்டது. தந்தி நடுங்கிக்கொண்டே ஏறி, அவளுடைய சுருதியில் வந்து நின்றது. அவர் ஒருமுறை மீட்டினார்.

"பார்த்தியா, அறுந்தேனா?" என்றது தந்தி.

பிரடை பிடியைத் தளர்த்தவில்லை. அந்த நாதம் அடங்கும்வரை அவள் வீட்டில் இருப்பது போலிருந்தது. பேசி அதைக் கெடுக்க அதற்கு மனம் வரவில்லை.