மூணு சுழி

ஆயிரத்து அறுநூறு ரூபாய். அச்சகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த என் மகள் இசக்கி, காய்ச்சலில் கண்மூடியபோது முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தில் நின்ற பாக்கி அது. மூட்டை தூக்கும் கூலியில் மாதம் நூறாக அடைத்து வந்தேன். கடைசி நூறோடு போன அன்று கேட்டேன்.

"மொதலாளி, ராப்பள்ளிக்கூடத்துல வாசிக்கப் படிச்சிட்டேன். எம் புள்ள அடிச்சது ஒண்ணு காட்டுங்க."

அவர் புதுக் கம்ப்யூட்டரில் ஒன்றைத் திறந்தார். கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"எனக்கு இன்னும் படிப்பு ஏறல போல" என்றேன், கூசிப்போய்.

"ஒமக்கு மட்டுமில்லவே, எனக்கும் தெரியாது. அவ அடிச்ச பழைய ஃபாண்ட் இந்தப் புதுசுல இல்ல, எழுத்தெல்லாம் கிறுக்கலா வரும். அவ பெட்டியிலதான் தமிழா வரும்."

மூலையில் சாக்கு மூடிக் கிடந்த அவளுடைய பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து ஸ்விட்சைப் போட்டார். அது இரைந்துகொண்டே விழித்தது. யாரோ வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை. திரையில் விரல் வைத்து வாசித்தேன். 'அணைவரும் வருக.'

"ரெண்டு சுழி வர்ற எடத்துல எப்பவும் மூணு சுழி போட்டுருவா" என்று முதலாளி திருத்தப் போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

அவர் திருத்தாமல் விட்டுவிட்டார். நான் கொடுத்திருந்த நூறு ரூபாயை மடித்து என் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தார்.

"போதும்வே. கணக்கு முடிஞ்சுது. இனி நீரு அலைய வேண்டாம்."

"அப்ப அடுத்த மாசம் நான் என்னத்தச் சொல்லிட்டு இங்க வாறது, மொதலாளி?"