பிறையும் கோடும்
நாரின் நகர நூலக ஜன்னல் வழியே பனிவெளிச்சம் கணினித் திரையில் விழுகிறது. தூரத்து ஆவணக் காப்பகமொன்று வலையேற்றியிருக்கும் நூறு வருஷத்துப் புகைப்படத்தின் கீழே, 'பந்தயத்தில் வென்றவன்: பெயர் தெரியாத குதிரைக்காரன்' என்று போட்டிருக்கிறது. நூலகர் பெர்மெத் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. குதிரையின் பின்தொடையைப் பெரிதாக்குகிறாள். புள்ளி புள்ளியாக உடையும் சாம்பல் நிறத்துக்குள் பிறையும் கோடுமாகச் சூட்டுக்குறி தெளிகிறது. பின்னால் நின்று எட்டிப்பார்க்கும் அண்ணன் எசென்பெக்கின் கையில் தேநீர்க் கிண்ணம் பாதிவழியில் நிற்கிறது. "நம்ம வம்சத்துச் சூடுல்ல இது?" என்கிறான். "மூணு காலு வெள்ளை. நம்ம வீட்டுக் கதைல வர்ற காராகுயுனேதாண்ணே." "அப்ப மேல இருக்கறது கொள்ளுத்தாத்தா சாதிர். வேற எவனை அது ஏறவிட்டுச்சு?" பெர்மெத் முதுகை நிமிர்த்தி, திருத்தம் எழுதும் கட்டத்தில் 'காராகுயுன்' என்று அடிக்கிறாள். "அது குதிரை பேரு. தாத்தா பேரைப் போடு." "பொறுங்கண்ணே. பந்தயத்துல ஜெயிச்சவன் பேரு மொதல்ல வரட்டும்."