லூடாவின் வாக்குமூலம்

“மச்சாள், வாங்கோ. லோயரிட்டை போறம்.”

காலமை எட்டு மணிக்கு லூடா வந்து இப்படிச் சொன்னதும் கனகாம்பிகை கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

லூடா ரஷ்யாக்காரி. கனகாம்பிகையின் தம்பி பத்மநாதன் மொஸ்கோவில் படிக்கப் போன இடத்தில் கட்டிக்கொண்டு வந்தவள். மிச்சம் என்ற ஊரில் அவர்கள் வீட்டில்தான் ஒரு வருஷமாகக் கனகாம்பிகை இருக்கிறாள். இருந்தென்ன, லூடா கையால் ஒரு மிடறு தண்ணி வாங்கிக் குடித்ததில்லை. மாட்டிறைச்சி காய்ச்சுகிற கையாம்.

அதோடு விட்டாளா? போன கிழமை, “இவளை விட்டிட்டு எங்கட ஆக்களுக்குள்ளை ஒண்டைப் பாரடா” என்று தம்பிக்கு ஓதிவிட்டுத் திரும்ப, கதவடியில் லூடா. அவளுக்குத் தமிழ் கதைக்கத்தான் கஷ்டம், விளங்காமல் இல்லை.

பழிவாங்கப் போகிறாள். கனகாம்பிகைக்கோ அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. தம்பியும் வேலைக்குப் போய்விட்டான். வரமாட்டன் என்றால் பொலிசைக் கூப்பிடுவாளோ? செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் போனாள்.

பஸ், ரெயின் என்று மாறி மனோர் பார்க்கில் இறங்கினார்கள். கடைக்கு மேலே லோயரின் கந்தோர். சுவரில் கண்ணாடி போட்ட லைசென்ஸ். கதிரைகளில் ரஷ்யன் கதைக்கிற வெள்ளைக்காரர் நாலைந்து பேர். ஆனால் லோயர் தியாகராஜா யாழ்ப்பாணத்து ஆள். மொஸ்கோவில் படித்தவர்.

“இருங்கோ அக்கா. முதல்லை இவ சொல்லுறதைக் கேப்பம்.”

லூடா ரஷ்யனில் பொரிந்து தள்ளினாள். நடுவில் “கனகா, கனகா” என்பது மட்டும் இவளுக்கு விளங்கியது. எழுதிக்கொண்டிருந்த லோயர் நிமிர்ந்து இவளை ஒருக்கால் பார்த்தார்.

“என்னவாம் தம்பி?”

“பொறுங்கோ அக்கா.”

லூடா கைப்பையைத் திறந்து ஒரு மண்ணிறக் கடித உறையை எடுத்தாள். கனகாம்பிகை கதிரையை விட்டு எழும்பினாள்.

அகதிக் கேஸைத் தீர்மானிக்கிற ஹோம் ஒபிஸின் கடிதம். உடைக்கப் பயந்து, முருகன் படத்துக்குப் பின்னால் செருகிப் பத்து நாளாய்க் கும்பிட்ட கடிதம். உறையில் குங்குமம்கூட அழியவில்லை.

“சாமித்தட்டிலை களவெடுத்தவள் தம்பி. காட்டிக்குடுக்கிறாள். என்னைத் திருப்பி அனுப்பினால் ஆமி உயிரோடை விடமாட்டான்.”

தியாகராஜா உறையை உடைத்து வாசித்தார்.

“உங்கட கேஸை மறுத்திட்டாங்கள் அக்கா. அப்பீல் போட இண்டைக்குத்தான் கடைசி நாள். நாளைக்கு வந்திருந்தால் என்னாலையும் ஏலாது, முருகனாலையும் ஏலாது. நல்லகாலம், நேற்று இவ கண்டு, லீவு போட்டு உங்களைக் கூட்டிவந்திருக்கிறா.”

கனகாம்பிகை குங்குமம் பட்ட உறையைக் கையில் எடுத்தாள்.

“அப்பீலோடை இவவின்ரை வாக்குமூலமும் போகுது. தமிழிலை சொல்லுறன், கேளுங்கோ.”

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“‘தாய் தகப்பனை விட்டிட்டு இந்த நாட்டுக்கு வந்த எனக்கு, கனகா வந்த நாள் தொடக்கம் கூடப்பிறந்த அக்கா மாதிரி. அவவை அனுப்பினால் நான் தனிச்சுப் போவன்.’”

லூடா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிதானே அக்கா? பொய் ஏதும் இருந்தால் இப்பவே சொல்லுங்கோ, வெட்டிவிடுறன்.”